பழகிய தலைவலியா, தமனியில் சேதமா: பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவது மிச்சமிருக்கும் சிறு பகுதியைப் பற்றித்தான். படித்துவிட்டு யாரும் வீணாகப் பயப்பட வேண்டாம்.

மருத்துவர்கள் தலைவலியை இரண்டாகப் பிரிப்பார்கள். மைக்ரேன், டென்ஷன் தலைவலி, கிளஸ்டர் தலைவலி போன்றவற்றில் தலைவலியேதான் நோய். பின்னால் வேறு கோளாறு எதுவும் ஒளிந்திருக்காது. இவை முதன்மைத் தலைவலிகள். வேறொரு கோளாறின் அறிகுறியாக வருவது இரண்டாம் நிலைத் தலைவலி. தமனியின் சுவர் கிழிவது, வெடிப்பது, அழற்சி காண்பது, திடீரெனச் சுருங்குவது எல்லாம் இந்த இரண்டாவது வகையில் வரும். எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தவறவிட்டால் பக்கவாதமோ, பார்வை இழப்போ, உயிரிழப்போ வரலாம்.

இந்த வழிகாட்டியை எல்லாரையும்விட, பல வருஷமாக மைக்ரேனோடு வாழ்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். "எனக்கு இது வழக்கமா வர்றதுதான்" என்று சொல்லிப் படுத்துவிடும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம். கழுத்துத் தமனி கிழிந்தவர்களிடம் மைக்ரேன், மற்ற மக்களிடம் இருப்பதைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பதும் தெரிந்த விஷயம். மைக்ரேன் இருப்பது தமனிக் கோளாறிலிருந்து யாருக்கும் பாதுகாப்புத் தராது.

இன்னொன்று. "எவ்வளவு வலிக்கிறது?" என்ற கேள்வியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஆபத்தே இல்லாத கிளஸ்டர் தலைவலி மனிதன் அனுபவிக்கும் மிகக் கொடிய வலிகளில் ஒன்று. பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய தமனிக் கிழிசல், கழுத்துச் சுளுக்கு அளவுக்கு மட்டுமே வலிக்கலாம். எப்படித் தொடங்கியது, பழைய வலியிலிருந்து எதில் மாறுபடுகிறது, கூடவே என்ன வந்தது: கேட்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

இரண்டும் ஏன் ஒன்றுபோல் வலிக்கின்றன

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைக்குள் வலியை உணர்பவை மூளையைச் சுற்றியிருக்கும் உறையும், பெரிய ரத்தக் குழாய்களின் சுவர்களும். அந்த வலியை எடுத்துச் செல்வது, முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பு. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்தில் தமனி கிழிந்தாலும் கண்ணுக்குப் பின்னால் வலிக்கலாம். வெறும் மைக்ரேனிலும் பிடரி இறுகி வலிக்கலாம்.

மைக்ரேன் என்பதே ரத்தக் குழாய் விரிவதால் வருவது என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். இப்போது அது அடிப்படையில் நரம்பு மண்டலக் கோளாறு என்றே பார்க்கப்படுகிறது. ஆகவே, தலை விண்விண்ணென்று துடிப்பதால் மட்டும் தமனியில் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

படி 1: உச்சத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆனது?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். மைக்ரேன் பொதுவாக மெல்லத் தொடங்கி, பல நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ ஏறும். டென்ஷன் தலைவலியும் அப்படித்தான். கிளஸ்டர் சற்று வேகமாக ஏறும், ஆனாலும் சில நிமிடங்களாவது எடுத்துக்கொள்ளும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலிக்கு இடித் தலைவலி என்று பெயர். தலையில் யாரோ ஓங்கி அடித்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. அந்த வலி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைப் பலரால் துல்லியமாகச் சொல்ல முடியும். மைக்ரேன் தொடங்கிய நொடியை அப்படிச் சொல்வது அரிது.

இப்படி வந்தால் மூளைத் தமனியில் இருந்த வீக்கம் வெடித்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம், வலிப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை சேர்ந்து வரலாம். எதுவும் சேராமல் வலி மட்டுமேகூட வரலாம். மீதிப் படிகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம். ரத்தக் கசிவாக இருந்தால் அது கசிவை மோசமாக்கலாம்.

அரை மணி நேரத்தில் வலி தணிந்துவிட்டாலும் போக வேண்டும். பெரிய வெடிப்புக்குச் சில நாட்களோ வாரங்களோ முன்னால், சிறு கசிவால் ஒரு எச்சரிக்கைத் தலைவலி வருவதுண்டு. அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் பெரிய வெடிப்பைத் தடுக்க வாய்ப்பு இருக்கிறது.

படி 2: உங்கள் வழக்கமான வலியின் அடையாளம் தெரியுமா?

மாறுபாட்டைக் கண்டுபிடிக்க முதலில் வழக்கம் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மருந்து இல்லாமல் விட்டால் மைக்ரேன் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், துடிக்கும் வலி, படியேறினால் கூடும். குமட்டலோ வாந்தியோ இருக்கும், அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தொந்தரவு தரும். டென்ஷன் தலைவலி அரை மணி நேரத்திலிருந்து 7 நாட்கள் வரை போகலாம். இரண்டு பக்கமும் அழுத்தும், நடமாட்டத்தை முடக்காது. கிளஸ்டர் ஒரு கண்ணைச் சுற்றியே வரும், 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை. அதே பக்கம் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும். மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார், கிளஸ்டர் வந்தவர் ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைவார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. உலக அளவில் பின்பற்றப்படும் தலைவலி வகைப்பாட்டின்படி, ஆரா (வலிக்கு முன்னால் வரும் பார்வை மினுமினுப்பு, மதமதப்பு போன்றவை) இல்லாத மைக்ரேன் என்று முடிவுசெய்யக் குறைந்தது 5 முறை அந்த வலி வந்திருக்க வேண்டும். எபிசோடுகளாக வரும் டென்ஷன் தலைவலிக்கு 10 முறை. அதாவது வாழ்க்கையில் முதல் தடவை வரும் கடுந்தலைவலிக்கு யாரும் "மைக்ரேன்தான்" என்று உறுதியாகப் பெயர் வைக்க முடியாது. அந்த வலி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்து போன வரலாறுதான் நமக்கு நம்பிக்கை தருகிறது.

ஆகவே மைக்ரேன் உள்ளவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது: இது என்னுடைய வலிதானா? வழக்கமாக நெற்றிப்பொட்டில் தொடங்குவது இன்று பிடரியில் தொடங்கியிருக்கிறதா? ஒரே நாளில் போகிற வலி நான்காவது நாளாக இருக்கிறதா? குமட்டலே இல்லாமல் புதுவிதமாக வலிக்கிறதா? தமனி கிழிந்த மைக்ரேன் நோயாளிகளில் பலர் பின்னால் கேட்கும்போது "இது வேற மாதிரி இருந்துச்சு" என்றே சொல்கிறார்கள். அந்த உணர்வை மதியுங்கள், மருத்துவரிடமும் அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

படி 3: கழுத்தை விசாரியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன். இளம் வயதினரிடமும் நடுத்தர வயதினரிடமும் அதிகம் தவறவிடப்படுவது இதுதான்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோக கழுத்தில் நான்கு பெரிய தமனிகள் உண்டு. முன்பக்கம் இரண்டு கரோட்டிட் தமனிகள், முதுகெலும்பை ஒட்டிப் பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள். தமனியின் உட்சுவரில் சிறு கிழிசல் விழுந்தாலோ, சுவருக்குள் இருக்கும் நுண்ணிய குழாய் கசிந்தாலோ, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிடும். ஈரம் ஏறிய சுவரில் பூச்சு உப்பி எழுவதைப் போல உட்சுவர் எழும்பிக் குழாயை அடைக்கும். அந்த இடத்தில் ரத்தக்கட்டி உருவாகி மேலே போனால் பக்கவாதம். 50 வயதுக்குக் கீழே வரும் பக்கவாதங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கரோட்டிட் கிழிந்தால் கழுத்தின் முன்பக்கம் அல்லது பக்கவாட்டில், தாடையில், கண்ணைச் சுற்றி, நெற்றிப்பொட்டில் ஒரு பக்கமாக வலிக்கும். வெர்டிப்ரல் கிழிந்தால் பிடரியிலும் பின்மண்டையிலும் வலிக்கும். பெரும்பாலோருக்கு முதலில் வருவது வலி மட்டும்தான். பக்கவாதம் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து வருகிறது. முதல் இரண்டு வாரங்களில்தான் ஆபத்து அதிகம். நமக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த இடைவெளிதான், அதைச் சுளுக்கு என்று நினைத்துக் கழித்துவிடக் கூடாது.

கடந்த சில வாரங்களில் கழுத்துக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். விபத்து, விளையாட்டில் அடி, கழுத்தைத் திடீரென முறுக்கியது, நெட்டி முறித்துவிடச் சொன்னது, கழுத்து எலும்பைத் திருகும் சிகிச்சை, தொடர் இருமல், கடும் வாந்தி, அதிக எடை தூக்கியது, நெடுநேரம் தலையைப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. காரணம் அற்பமாகத் தோன்றினாலும் சொல்லுங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் கிழிவதும் உண்டு. மார்ஃபான், ரத்தக் குழாய் வகை எலர்ஸ்-டான்லாஸ் போன்ற இணைப்புத் திசு நோய்களும், ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்ற தமனிக் கோளாறும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

காதுக்குள் நாடித்துடிப்போடு ஒத்துப் புஸ் புஸ் என்ற சத்தம் புதிதாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். கரோட்டிட் கிழிசலில் சிலருக்கு அது வரும், கேட்டால் ஒழிய யாரும் தாமாகச் சொல்வதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஒரு பக்கக் கழுத்து வலியோடு புதிய தலைவலி சேர்ந்திருந்தால், காரணம் தெரியும்வரை மசாஜும் வேண்டாம், சொடுக்கு எடுப்பதும் வேண்டாம்.

படி 4: கண்ணாடியில் இரண்டு கண்களையும் பாருங்கள்

கரோட்டிட் தமனியின் சுவரை ஒட்டி ஒரு நுண்ணிய நரம்புப் பின்னல் கண்வரை போகிறது. தமனி உப்பினால் அது நசுங்கும். அப்போது அந்தப் பக்க மேலிமை லேசாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழும். கண்மணியும் சிறிதாகும். இதற்கு ஹார்னர் அறிகுறி என்று பெயர். மங்கலான வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் இது வராது, ஆனால் வந்தால் பெரிய தடயம். சந்தேகமாக இருந்தால் போனில் இருக்கும் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். சிலருக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கண்மணியும் சமமாக இருக்காது.

கிளஸ்டர் தலைவலியிலும் இதே மாதிரி இமை தாழ்ந்து கண்மணி சுருங்கலாம், குழப்பம் அங்கேதான். கிளஸ்டரில் பொதுவாக வலி அடங்கும்போது கண்ணும் சரியாகிவிடும், கூடவே கண்ணீரும் மூக்கடைப்பும் இருக்கும். வலி விட்டுவிட்டு வராமல் நாள்கணக்கில் தொடர்கிறது, இமையும் தாழ்ந்தபடியே இருக்கிறது என்றால் கிளஸ்டர் என்று முடிவுகட்டக் கூடாது. நெடுங்காலக் கிளஸ்டர் நோயாளிகள் சிலருக்கு வலிகளுக்கு இடையிலும் இது நிலைத்துவிடுவது உண்டு. ஆனால் அதை முடிவுசெய்ய ஸ்கேன் தேவை.

இதற்கு நேர்மாறாக, இமை தாழ்ந்த பக்கத்தில் கண்மணி பெரிதாக விரிந்திருந்தால், அல்லது உருவம் இரண்டாகத் தெரிந்தால், மூளைத் தமனியின் வீக்கம் கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அதுவும் உடனடி அவசரம்.

படி 5: ஆராவா, ரத்தத் தடையா?

மைக்ரேன் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வலிக்கு முன்னால் ஆரா வரும். அது நகரும். கண்ணில் ஒரு புள்ளியில் தொடங்கி, மினுமினுக்கும் கோணல்மாணல் கோடாக விரியும். விரலில் தொடங்கிய மதமதப்பு மெல்ல முழங்கைக்கு ஏறி, அப்புறம் உதட்டுக்கு வரும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்து மறையும்.

மூளைக்கு ரத்தம் தடைபட்டால் பொதுவாக இந்தப் பயணம் இருக்காது. ஒரே நொடியில் கை விழும், வாய் கோணும், பேச்சு குழறும், பார்வையின் ஒரு பாதி இருண்டுபோகும். மினுமினுப்பு போன்ற கூடுதல் காட்சி ஆராவின் பக்கம் சாயும், இருந்தது இல்லாமல்போவது தடையின் பக்கம் சாயும். வெர்டிப்ரல் தமனி அடைபட்டால் சுற்றல், நடையில் தள்ளாட்டம், விழுங்குவதில் சிரமம் ஆகியவை வரும்.

இந்த விதிகளுக்கு விலக்குகள் இருக்கின்றன. அதனால் வாழ்க்கையில் முதல் ஆரா, ஒரு மணி நேரம் தாண்டிய ஆரா, கையையோ காலையோ பலவீனமாக்கும் ஆரா, 50 வயதுக்குப் பிறகு புதிதாக வரும் ஆரா ஆகியவற்றை வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முயல வேண்டாம்.

படி 6: வயது 50 தாண்டியதா?

மைக்ரேன் பெரும்பாலும் இளமையில் தொடங்கி, வயதாக ஆகத் தணியும். 50க்கு மேல் முதன்முதலாகத் தலைவலி வந்தால் வேறு கணக்குப் போட வேண்டும். அதில் முக்கியமானது, தலைக்குப் போகும் தமனிகளின் சுவர் அழற்சி காணும் ராட்சத செல் தமனி அழற்சி. 70களில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. தலை சீவினாலோ தலையணையில் படுத்தாலோ தலைத்தோல் வலிக்கும். மென்று சாப்பிடும்போது தாடை வலித்து, நிறுத்தினால் போய்விடும். தோளும் இடுப்பும் காலையில் பிடித்துக்கொள்ளும். லேசான காய்ச்சல், எடை குறைவு, அசதி. நெற்றிப்பொட்டில் தமனி கயிறுபோல் தடித்து, தொட்டால் வலிக்கும், துடிப்பு குறைந்திருக்கும். சில நொடிகளோ நிமிடங்களோ ஒரு கண் இருட்டிவிட்டுத் திரும்பினால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நோயில் போன பார்வை பொதுவாகத் திரும்புவதில்லை. சிகிச்சை தாமதித்தால் நாட்களிலோ வாரங்களிலோ இன்னொரு கண்ணும் போகலாம்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவுகள் இரண்டும் பொதுவாக உயர்ந்திருக்கும். வலுவான சந்தேகம் இருந்தால், நெற்றிப்பொட்டுத் தமனியில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்காமல் அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்குவார்கள். "பரிசோதனைக்கு முன்னாலேயே மருந்தா?" என்று தயங்காதீர்கள். தொடங்கிய ஓரிரு வாரம் வரையிலும் திசுவில் தடயம் கிடைக்கும்.

படி 7: சமீபத்தில் புதிதாக என்ன நடந்தது?

ஓரிரு வாரத்துக்குள் இடித் தலைவலி திரும்பத் திரும்ப வந்தால், மூளைத் தமனிகள் தற்காலிகமாக இறுகிச் சுருங்கும் ஒரு கோளாறாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், மூக்கடைப்பு நீக்கும் சில மருந்துகள், சில மனச்சோர்வு மருந்துகள், டிரிப்டான் வகை மைக்ரேன் மருந்துகள், கஞ்சா போன்ற போதைப்பொருட்கள் இதைத் தூண்டலாம். உடலுறவு, கடும் உழைப்பு, முக்குதல் ஆகியவற்றின்போது வலி வெடிப்பதுண்டு. கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் விட்டால் மருத்துவருக்கு முக்கியமான தடயம் கிடைக்காமல் போகும்.

கர்ப்பிணிகளும் புதிதாகக் குழந்தை பெற்றவர்களும் புதிய கடுந்தலைவலி வந்தால் ரத்த அழுத்தத்தையும் உடனே பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டதால் வந்தது என்று வீட்டில் யாராவது சமாதானம் சொன்னாலும் பார்த்துவிடுங்கள்.

படி 8: மாத்திரையில் குறைந்ததைச் சான்றாக எடுக்காதீர்கள்

பாராசிட்டமால் போட்டதும் வலி குறைந்தது, எனவே ஆபத்தில்லை என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. தமனிக் கிழிசலின் வலியும், ரத்தக் கசிவின் வலியும்கூட வலிநிவாரணிக்குக் குறையலாம். டிரிப்டானுக்குக் குறைந்தாலும் மைக்ரேன் என்று நிரூபணமாகாது. தவிர, டிரிப்டான் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. மேலே சொன்ன படிகளில் ஏதாவது பொருந்தினால் அதைப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 9: மருத்துவமனையில் என்ன சொல்வது, என்ன கேட்பது

"தலை வலிக்குது, எனக்கு மைக்ரேன் இருக்கு" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரின் சிந்தனையும் அந்தத் தடத்திலேயே போகும். இப்படித் தொடங்குங்கள்: "எனக்குப் பல வருஷமா மைக்ரேன் உண்டு. இது அது மாதிரி இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திடீர்னு வந்துச்சு, வலது பக்கக் கழுத்துல ஆரம்பிச்சுது, வலது இமை தாழ்ந்திருக்கு." நேரம், இடம், வேறுபாடு, கூட வந்தது எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. வலியில் பேச முடியாது என்றால் ஒரு தாளில் எழுதிக் கூட வருபவரிடம் கொடுங்கள்.

ஸ்கேன் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவைக் காட்டுவதில் கெட்டிக்காரன், அதுவும் வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் மிகவும் நம்பகமானது. நேரம் போகப் போக அந்தத் திறன் குறையும், அப்போது முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். ஆனால் கழுத்துத் தமனிச் சுவரின் கிழிசல் சாதாரண சி.டி.யில் பொதுவாகத் தெரியாது. அதற்குச் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமோ, கழுத்தையும் சேர்த்து எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராமோ வேண்டும். "ஸ்கேன் நார்மல்" என்று சொன்னால், "கழுத்து ரத்தக் குழாய்களையும் பார்த்தீங்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

கிழிசல் உறுதியானால்

பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்தைச் சில மாதங்கள், வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் வரை கொடுப்பார்கள். இந்த இரண்டு வகை மருந்துகளையும் கிழிசல் நோயாளிகளிடம் ஒப்பிட்டு, 2015இல் முடிவுகள் வெளியான கேடிஸ் ஆய்வில், ஆஸ்பிரின் போன்ற தட்டணு எதிர்ப்பு மருந்துகளுக்கும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எனவே உங்கள் நிலைமையைப் பார்த்து மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பல தமனிகள் சில மாதங்களில் தாமாகவே ஆறிவிடுகின்றன, மறு ஸ்கேனில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை கழுத்தைத் திருகும் சிகிச்சைகள், மோதல் விளையாட்டுகள், பளு தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

மைக்ரேனும் இருப்பவராக இருந்தால், பழைய மருந்துச் சீட்டை அப்படியே தொடராதீர்கள். டிரிப்டான் இனி போடலாமா, எப்போது போடலாம், வலி வந்தால் அதற்குப் பதில் என்ன என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.